சிப்ஸ் பொரித்த எண்ணெய்

போன ஆடி மாசம். பாளையங்கோட்டையில் நாங்கள் அரிசியும் வாழைத்தாரும் கொண்டுபோய்ப் போடுகிற இயற்கை அங்காடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எங்கள் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘நஞ்சில்லா ஏத்தன் சிப்ஸ்’. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஏத்தங்காய், தாவர எண்ணெய், மஞ்சள், உப்பு’.

“தாவர எண்ணெய்னா எது தம்பி?” என்றார்.

“நல்ல எண்ணெய்தான் டீச்சர்” என்றேன். அவர் காதில் அது நல்லெண்ணெய் என்று விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் நானும் அப்படிச் சொன்னேன். இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார். அது பாமாயில்.

ஆழ்வார்திருநகரியில் தென்கால் பாசனத்தில் எனக்கு இரண்டு ஏக்கர். ஒன்பது வருசமாக உப்பு உரம், பூச்சிமருந்து எதுவும் இல்லை. ஏத்தன் விலை விழும்போது தாரை வெட்டிக் கொடுத்துவிட்டு வெட்டுக்கூலியைக் கையிலிருந்து போட்ட அனுபவம் தாமிரபரணிக் கரையில் வாழை போட்ட எல்லோருக்கும் உண்டு. அதற்காகத்தான் தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து சிப்ஸ் போட ஆரம்பித்தார்கள். என் வீட்டம்மாவும் அதில் ஒருத்தி. காய் நம்ம காய், உப்பு தூத்துக்குடி உப்பு, மஞ்சள் நாங்களே வேகவைத்துக் காயவைத்து அரைத்தது. எண்ணெய் மட்டும் கடையில் வாங்கும் டின். அதைப் பற்றி யாருமே பேசியதில்லை. எண்ணெய் என்றால் டின்னில் வருவது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் எல்லோரும் ‘மலாயா ஆச்சி’ என்று கூப்பிடுகிற ஒருவர் இருக்கிறார். அங்கே ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்று மலேசிய அரசு சட்டம் போட்டது. தலைமுறையாகப் பால் வெட்டியவர்களிடம் ஒரு காகிதமும் கிடையாது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் அப்போது நாடு திரும்பினார்கள். அதில் ஒரு குடும்பம் இந்தக் குடும்பம். வரும்போது ஆச்சிக்குப் பதினேழு வயசு.

சிப்ஸ் போடுகிற கொட்டகையில் சும்மா வந்து உட்கார்ந்திருந்தவர், டின்னில் போட்டிருந்த பழக்குலைப் படத்தைப் பார்த்துவிட்டு, “இது செம்பனைல்லா?” என்றார். நாங்கள் பாமாயில் மரம் என்போம். மலேசியாவில் தமிழர்கள் அதைச் செம்பனை என்கிறார்கள். “எங்கம்மா இதுக்குக் கீழதான் மருந்தடிச்சா. முதுகுல தகரம். புல்லுக்கு அடிக்கிற மருந்து. சாயங்காலம் வந்து சோறு பிசைஞ்சா விரல்ல எரியும், அதனால நாங்க ஊட்டி விடுவோம். நகம் கழண்டு போச்சு அவளுக்கு.” சொல்லிவிட்டு, “இன்னுமா அந்த எண்ணெய வாங்குதிய?” என்று கேட்டார். அவர் குற்றமாகக் கேட்கவில்லை. ஒரு பழைய சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

எனக்கு டீச்சர் ஞாபகம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்சம் படித்தேன், தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். மலேசியாவில் வணிக அளவில் செம்பனை நட்ட முதல் தோட்டம் சிலாங்கூரில் இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது. தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் எஸ்டேட். அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்த கை யாருடையது என்று பெயரே சொல்லுகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழர்கள் கங்காணியிடம் பட்ட கடனோடு போய் இறங்கினார்கள். ரப்பர் விலை விழுந்தபோது கூலியை வெட்டினார்கள். 1938-இல் கூலிக் குறைப்பை ஒட்டி எழுந்த தகராறில், மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புவதையே இந்திய அரசு நிறுத்தியது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே நடந்தது இது. பின்னால் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். ஆட்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள்.

மருந்தடிக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. அவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். களைக்கு அடித்த மருந்துகளில் கொடியது பாராகுவாட். உள்ளே போனால் முறிவு மருந்து கிடையாது. கோலாலம்பூரில் ‘தெனாகனித்தா’ என்ற பெண்கள் அமைப்பை 1991-இல் தொடங்கிய ஐரீன் பெர்னாண்டஸ் இந்தியாவிலிருந்து போன பெற்றோருக்குப் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவர். அந்த அமைப்பு 2002-இல் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. மூக்கில் ரத்தம், கண்ணெரிச்சல், தோல் புண், கழன்ற நகம் என்று அதில் இருப்பதெல்லாம் ஆச்சி சொன்னதுதான். முப்பது வருசம் கழித்தும் அதே நகம். வெளிநாட்டுத் தொழிலாளர்களை அடைத்து வைத்த முகாம்களில் நடந்ததை 1995-இல் எழுதியதற்காக ஐரீனை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2003-இல் ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2008-இல் விடுதலையானார். 2014-இல் இறந்துபோனார். மலேசியா பாராகுவாட்டை 2020 சனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. கேரளம் 2011-லேயே தடை செய்தது. இந்தியாவில் நாடளவில் தடை இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அடுத்த நாட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது.

இப்போது அந்தத் தோட்டங்களில் நம் ஆட்கள் குறைவு. பிள்ளைகள் படித்து டவுனுக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு இந்தோனேசியா, பங்களாதேஷ், நேபாளத்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒரு குலை பத்துக் கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரை இருக்கும். நீளமான கம்பியின் நுனியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து பார்த்தபடி அறுக்க வேண்டும். நம்ம ஊர் வாழைத்தார் மாதிரி தோளில் தாங்கி இறக்குகிற சமாச்சாரம் இல்லை, மேலேயிருந்து முள்ளோடு விழும். கூலி குலைக்கணக்கு. சிதறிய பழத்தைப் பொறுக்கப் பெண்டாட்டி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால்தான் கணக்கு முடியும். 2016 நவம்பரில் ஆம்னெஸ்டி அமைப்பு இந்தோனேசியத் தோட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சிங்கப்பூரின் வில்மார் நிறுவனத்துடைய துணை நிறுவனங்களையும், அதற்குச் சரக்கு தரும் தோட்டங்களையும் பற்றியது அது. எட்டு வயசுப் பிள்ளைகள்கூட மூட்டை சுமந்ததும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே பெண்களை வைத்திருந்ததும், பாராகுவாட் அடித்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன.

மலேசியாவில் இன்னொரு வியாதி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது. நம்ம பக்கம் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஏரல், ஸ்ரீவைகுண்டம், நாசரேத் எங்கே போனாலும் தெருவுக்கு ஒரு வீட்டில் பையன் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறான். ஏஜெண்டுக்குக் கட்ட நகையை வைத்திருப்பார்கள், போன இடத்தில் பாஸ்போர்ட் முதலாளி பீரோவில் இருக்கும், கடன் தீரும்வரை வாயைத் திறக்க முடியாது. அந்தப் பையனின் அம்மா ராத்திரி போனில் அழுதுவிட்டு, காலையில் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பாமாயில் வாங்குகிறார். அந்த விலை ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு அவர் மகன் படுகிற பாட்டைப் போன்ற இன்னொரு பாடுதான் காரணம். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

சரி, வாங்காமல் விட்டுவிட்டால் முடிந்துவிடுமா? இந்தக் கேள்வியைத்தான் குழுவில் முதலில் கேட்டார்கள். “நாம பத்து பேரு வாங்கலைன்னா அங்க இருக்கவனுக்கு வேல போவுமே தவிர கூலி கூடுமாக்கும்?” என்றார் என் மதினி. நியாயமான கேள்வி.

இதற்கு எனக்குக் கிடைத்த பதில் அமெரிக்காவில் நடந்தது ஒன்று. 2020 செப்டம்பரில் எஃப்ஜிவி, டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் பாமாயிலை அமெரிக்கச் சுங்கத்துறை துறைமுகத்தில் நிறுத்திவிட்டது. கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருக்கின்றன, அதாவது பாஸ்போர்ட் பறிப்பு, கடனில் கட்டிப்போடுவது, கூலியைப் பிடித்து வைப்பது என்பதுதான் காரணம். அமெரிக்காவுக்குத் தொழிலாளி மேல் திடீரென்று பாசம் வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் தரகர்களுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க சைம் டார்பி 8 கோடி ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் அதன் மேல் இருந்த தடை நீங்கியது. ஒருத்தன் சும்மா வாங்காமல் போனால் ஒன்றும் நடக்காது. “இதைச் சரி பண்ணு, வாங்குகிறேன்” என்று சொல்லி நிறுத்தினால் நடக்கிறது.

அப்படிச் சொல்லி நிறுத்துகிற தெம்பு உலகத்திலேயே அதிகம் யாருக்கு இருக்கிறது? நமக்குத்தான். பாமாயிலை அதிகம் இறக்குமதி செய்கிற நாடு இந்தியா. ஆண்டுக்கு 70 இலட்சம் டன்னுக்கு மேல். 1938-இல் ஆள் அனுப்புகிற நாடாக இருந்தபோது ‘கூலி என்ன’ என்று கேட்டோம். இன்று வாங்குகிற நாடாக இருக்கும்போது விலையை மட்டும் கேட்கிறோம். அமெரிக்காவில் இருப்பது போல, கட்டாய உழைப்பில் விளைந்த சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்துகிற சட்டம் நம்மிடம் இல்லை.

இப்படி இறக்குமதிக்குள் நாம் விழுந்த கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1986-இல் எண்ணெய்வித்து இயக்கம் தொடங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் தேவைக்கு ஏறக்குறைய நாமே விளைவித்தோம். 1994-இல் பாமாயில் இறக்குமதிக்குக் கட்டவிழ்த்தார்கள். 65 விழுக்காடாக இருந்த வரி 1998-க்குள் 15-க்கு இறங்கியது. கடலையும் எள்ளும் போட்டவர் விட்டுவிட்டார், ஊர்ச்செக்கு நின்றுபோனது. அங்கே தோட்டக் கூலியின் வயிற்றில் அடித்த அதே மலிவு விலைதான் இங்கே கடலைக்காரர் வயிற்றிலும் அடித்தது. இதை ஏனோ நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை. ‘இறக்குமதி நம்ம விவசாயியைக் கொல்லுது’ என்று கூட்டம் போடுவோம். அந்த எண்ணெயை அவ்வளவு மலிவாக எப்படி விற்க முடிகிறது என்று கேட்டிருந்தால், அங்கே குலை வெட்டுகிறவனும் நம் பக்கத்து ஆள் என்று தெரிந்திருக்கும்.

இப்போது இங்கேயே செம்பனை வைக்கச் சொல்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 11,040 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. கோடையில் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 150, 200 லிட்டர் தண்ணீர் கேட்கிற மரம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்று ஒவ்வொரு வருசமும் வானத்தைப் பார்க்கிற தென்கால் விவசாயியிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். நமக்கென்று ஒரு பனை இருக்கிறது, அது தண்ணீரே கேட்காது. உடன்குடிக் கருப்பட்டிக்குக் கூடுதல் விலை கேட்கும்போது நாம் என்ன சொல்லுகிறோம்? “உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் ஏறுகிறவருடைய உழைப்புக்கு விலை கொடுங்கள்” என்றுதானே. இந்தப் பனைக்கு ஒரு நியாயம், அந்தப் பனைக்கு ஒரு நியாயமா?

ரேஷன் விசயம் வேறு. சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007-இல் வந்தது. ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய். அந்தப் பாக்கெட் இல்லாவிட்டால் தாளிக்க எண்ணெய் இல்லாத வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. எங்கள் வயலில் களை எடுக்க வருகிற பெண்களின் வீடுகள்தான் அவை. அவர்களிடம் போய் நான் தர்மம் பேச மாட்டேன். பேசுவதற்கு எனக்கு யோக்கியதையும் இல்லை. ஆண் கூலிக்கும் பெண் கூலிக்கும் நான் வைத்திருக்கும் வித்தியாசத்தை என் வீட்டம்மா அந்தக் கூட்டத்திலேயே எடுத்துப் போட்டாள். “மலேசியாக்காரிக்கு அழுதிய, நம்ம வயக்காட்டுக்காரிக்கு?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பிசானத்திலிருந்து நடவுக்கும் களைக்கும் பெண் கூலியைக் கூட்டியிருக்கிறேன். இன்னும் சமமாகவில்லை. பக்கத்து வயல்காரர்கள் ‘கூலியக் கெடுக்கான்’ என்று கோபமாக இருக்கிறார்கள்.

ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று உழவர் அமைப்புகள் பல வருசமாகக் கேட்கின்றன. அதோடு இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. உடனே முழுவதும் மாற்ற முடியாது என்றால், மாறும்வரை வாங்குகிற பாமாயிலுக்காவது ‘பாஸ்போர்ட் பிடுங்காத, பிள்ளைகளை வேலைவாங்காத தோட்டத்து எண்ணெய்’ என்று டெண்டரில் நிபந்தனை போடச் சொல்ல வேண்டும். அரசு ஒன்று வாங்கினால் இலட்சக்கணக்கான பாக்கெட். அங்கே கேட்கிற ஒரு கேள்விக்கு இருக்கிற பலம், பத்து பேர் வாங்காமல் விடுவதற்கு இல்லை.

சிப்ஸ் கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ சிப்ஸ் குடிக்கிற எண்ணெய் சுமார் 300 மில்லி. நாங்கள் கணக்குப் போட்ட அன்று பாமாயில் லிட்டர் 125 ரூபாய், செக்குக் கடலை எண்ணெய் 260. வித்தியாசம் கிலோவுக்கு 40 ரூபாய். சட்டியில் அடங்கிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 45. 360 ரூபாய்க்கு விற்ற கிலோவை 405-க்கு விற்க வேண்டும். இத்தனை நாளாக அந்த 45 ரூபாயை யார் தள்ளுபடி கொடுத்தது? நான் இல்லை, குழுப் பெண்கள் இல்லை, டீச்சரும் இல்லை. முகம் தெரியாத ஒருத்தி கொடுத்திருக்கிறாள்.

பத்துப் பேரில் ஏழு பேர் மாற்றலாம் என்றார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பயம் விற்காது என்பதுதான். அவர்களுக்கு வேறு வருமானமில்லை, எனக்கு இருக்கிறது. அதனால் முதல் மூன்று மாதம் விற்காமல் திரும்பி வருகிற பாக்கெட் என் கணக்கில் என்று எழுதிக் கொடுத்தேன். முதல் மாதம் கால்வாசி திரும்பி வந்தது. இரண்டாம் மாதம் கொஞ்சம் குறைந்தது. ஒரு கடைக்காரர், “அண்ணாச்சி, பழைய எண்ணெயிலயே போட்டுக் குடுங்க, பேர மட்டும் மாத்திருங்க” என்று யோசனை சொன்னார். அந்தக் கடைக்குச் சரக்கு நிறுத்திவிட்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நான் போட்டிருக்கிற சட்டையை யார் தைத்தது என்று தெரியாது. 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்களே, அப்படி ஒரு கட்டடத்தில் தைத்ததாகக்கூட இருக்கலாம். வயலுக்கு வாங்கிய பேட்டரி தெளிப்பான் எங்கே செய்தது, யார் செய்தது, ஒன்றும் தெரியாது. அதில் பஞ்சகவ்யம்தான் அடிக்கிறேன். எல்லாவற்றுக்கும் பின்னால் போக ஒரு விவசாயிக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. ஆனால் ‘நஞ்சில்லா’ என்று என் கையால் அச்சடித்து ஒட்டுகிற பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு நான்தான் பொறுப்பு. நஞ்சு என் நிலத்தில் இல்லை, ஆச்சியின் அம்மா விரலில் இருக்கிறது என்றால் அந்த எழுத்து பொய். நம்மாழ்வார் ஐயா பெயரைச் சொல்லி இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்கள் நாம். அந்தப் பெயர் கிளம்பிய ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு அந்தப் பொய்யை ஒட்ட முடியாது.

இப்போது பாக்கெட்டின் பின்பக்கம் ‘செக்குக் கடலை எண்ணெய்’ என்று முன்பக்க எழுத்தளவிலேயே போடுகிறோம். கடலை கோவில்பட்டிப் பக்கம் மானாவாரிக்காரர்கள் இரண்டு பேரிடம் வாங்கி, இங்கே செக்கில் ஆட்டுகிறோம். கடலைப் பிண்ணாக்கு மாட்டுக்கு. வருகிற மாசிப் பட்டத்தில் நாலு பேர் எள்ளு விதைக்கிறோம், என் அரை ஏக்கரையும் சேர்த்து. பக்கத்துக் கிராம ஊராட்சி ஒன்றில் அடுத்த கிராம சபையில் ரேஷன் எண்ணெய்த் தீர்மானத்தை வைக்கிறார்கள். டெண்டர் நிபந்தனை வரியையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் வைக்க விரும்பினால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள், நகல் அனுப்பி வைக்கிறேன்.

டீச்சரைப் போன வாரம் மறுபடி அங்காடியில் பார்த்தேன். ஆடி மாசம் சொன்னது பொய் என்று சொல்லி, புதுப் பாக்கெட் ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பழைய இரண்டு பாக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “அத எங்கிட்ட ஏன் தாரிய?” என்றார்.